வெர்மான்ட்டும் அதன் சிற்றூர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் வந்தால் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள எங்கள் வீட்டில் விருந்தாளி இல்லாத வாரம் கிடையாது. இலை நிறம் மாறுவதைப் பார்க்க நியூ ஜெர்சியிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் வருவார்கள். காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். பின்சீட்டிலிருந்து வரும் கேள்விகள் வருஷா வருஷம் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லும் பதில் பாதியில் நின்றுவிடுகிறது. அடுத்த வளைவில் யாராவது "அங்கே பாருங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அதனால் உட்கார்ந்து எழுதினேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

வெர்மான்ட் எங்கே இருக்கு? பாஸ்டன் பக்கமா, கனடா பக்கமா?

இரண்டுக்கும் நடுவில். வடக்கே கனடாவின் கியூபெக், தெற்கே மாசசூசெட்ஸ், கிழக்கே கனெக்டிகட் ஆறும் அதைத் தாண்டி நியூ ஹாம்ப்ஷையரும், மேற்கே சாம்ப்லெய்ன் ஏரியும் நியூயார்க் மாநிலமும். நியூ இங்கிலாந்து என்று சொல்லப்படும் ஆறு மாநிலங்களில் கடற்கரை இல்லாதது இது ஒன்றுதான். நடுவில் தெற்கு வடக்காகப் பச்சை மலைத்தொடர் ஓடுகிறது.

2020 கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகை 6,43,000 சொச்சம். அமெரிக்காவில் இதைவிடக் குறைவான மக்கள் உள்ள மாநிலம் வயோமிங் மட்டுமே. தலைநகரம் மான்ட்பீலியரில் 8,000 பேர். ஐம்பது மாநிலத் தலைநகரங்களில் மிகச் சிறியது.

பெயர் பிரெஞ்சு மாதிரி இருக்கே?

பிரெஞ்சுதான். பச்சை, மலை என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்களைச் சேர்த்து 1777இல் வைத்த பெயர். அதற்குச் சில மாதங்கள் முன்பு 'நியூ கனெக்டிகட்' என்றுதான் வைத்திருந்தார்கள். நல்லவேளை, அது நிலைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் சாமுவேல் டி சாம்ப்லெய்ன் 1609இல் வந்து பார்த்த ஏரிக்கு அவர் பெயரே நின்றுவிட்டது.

அவருக்கு ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பிருந்தே இங்கே பூர்வகுடிகள் வாழ்ந்தார்கள். அவர்களில் அபெனாக்கி என்ற மக்களின் மொழிச் சொற்கள் இன்னும் ஆறுகளின் பெயர்களில் இருக்கின்றன. வினூஸ்கி என்றால் காட்டு வெங்காயம் இருக்கும் இடம். ஆறும் வினூஸ்கி, அதன் கரையில் உள்ள ஊரும் வினூஸ்கி.

டவுன் எல்லைன்னு போர்டு வந்து பத்து நிமிஷம் ஆச்சு, ஒரு கடையைக்கூட காணோமே. ஊர் எங்கே?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்தால் இந்த மாநிலத்தின் முக்கால்வாசி வரலாறு புரிந்துவிடும். டவுன் என்றதும் நமக்குக் கடைத்தெருவும் பஸ் ஸ்டாண்டும்தான் மனசில் வருகின்றன. வெர்மான்ட்டில் டவுன் என்பது ஒரு நிலப்பரப்பு. காடு, மலை, வயல், நாலைந்து வீட்டுக்கூட்டங்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு டவுன். நீங்கள் பார்த்த மரங்களும் ஊர்தான்.

இதற்குக் காரணம் பென்னிங் வென்ட்வொர்த் என்பவர். நியூ ஹாம்ப்ஷையருக்கு ஆங்கிலேய அரசு நியமித்த ஆளுநர். 1749இல் தொடங்கி 1764 வரை, கனெக்டிகட் ஆற்றுக்கு மேற்கே இருந்த காட்டைச் சதுரம் சதுரமாகக் கிழித்துச் சாசனம் எழுதிக் கொடுத்தார். பெரும்பாலும் பக்கத்துக்கு ஆறு மைல், அதாவது ஒரு சதுரத்துக்குச் சுமார் 23,000 ஏக்கர். இப்படி 130 சாசனங்கள் அளவில் கொடுத்தார். முதல் ஊருக்குத் தன் பெயரையே வைத்தார்: பென்னிங்டன். ஒவ்வொரு ஊரிலும் தனக்கென்று 500 ஏக்கர் ஒதுக்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கும் முதல் பாதிரியாருக்கும் ஒவ்வொரு பங்கு.

கோடு போட்டவர்கள் மலையைப் பார்க்காமல் வரைபடத்தில் போட்டார்கள். அதனால் சில ஊர்களின் நடுவிலேயே மலை முகடு நிற்கிறது. இந்தப் பக்கத்துக்காரர் அந்தப் பக்கம் போக வேறு இரண்டு ஊர் சுற்றிப் போக வேண்டும். இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகியும் எல்லைகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன.

அப்போ சிட்டி, வில்லேஜ், கோர் இதெல்லாம் என்ன?

வில்லேஜ் என்பது டவுனுக்குள் வீடுகள் நெருங்கி இருக்கும் இடம். பெல்லோஸ் ஃபால்ஸ் பெரிய ஊர் மாதிரி தெரியும். ஆனால் அது ராக்கிங்காம் என்ற டவுனுக்குள் ஒரு வில்லேஜ். வொயிட் ரிவர் ஜங்ஷன் ஹார்ட்ஃபோர்டு டவுனுக்குள் அடக்கம். சிட்டி என்பது தனிச் சாசனம் வாங்கிய இடம். அதற்கும் ஜனத்தொகைக்கும் சம்பந்தமில்லை. வர்ஜென்ஸ் 1788இலேயே சிட்டி ஆனது. இன்றும் அங்கே 2,500 பேர்தான்.

கோர் என்பது அளவையில் மிஞ்சிய துண்டு. சங்கிலி பிடித்துக் காட்டை அளந்தவர்கள் இரண்டு ஊருக்கு நடுவே விட்டுப்போன முக்கோணமும் கீற்றும். பியூல்ஸ் கோர் என்ற இடத்தில் முப்பது பேர் அளவில் இருக்கிறார்கள். ஊராக இருந்து ஊர் என்ற தகுதியை இழந்த இடங்களும் உண்டு. கிளாஸ்டன்பரியில் மரம் வெட்டுவதும் கரி சுடுவதும் தொழில். மரம் தீர்ந்தது. சுற்றுலா விடுதி நடத்திப் பார்த்தார்கள். 1898 வெள்ளம் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனது. 1937இல் சட்டமன்றம் அந்த ஊரைக் கலைத்தது.

இது தனி நாடா இருந்துச்சுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். 1777 முதல் 1791 வரை, பதினான்கு வருஷம்.

மேலே சொன்ன வென்ட்வொர்த் சாசனங்களில்தான் சண்டை ஆரம்பம். இது எங்கள் நிலம் என்றது நியூயார்க். 1764இல் இங்கிலாந்து அரசர் நியூயார்க் பக்கம் தீர்ப்புச் சொன்னார்: கனெக்டிகட் ஆற்றின் மேற்குக் கரையே எல்லை. நியூயார்க் அதே நிலத்தை வேறு ஆட்களுக்குப் பட்டா போட்டது. காடு வெட்டி, வீடு கட்டி, ஒருமுறை பணம் கொடுத்துவிட்ட குடியானவர்களை மறுபடியும் பணம் கட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? பென்னிங்டனில் ஒரு சத்திரத்தில் கூடினார்கள். ஈதன் ஆலன் தலைமையில் 'பச்சை மலைப் பையன்கள்' என்ற படை உருவானது. நியூயார்க்கின் அளவையாளர்களையும் அதிகாரிகளையும் விரட்டினார்கள். 1775 மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றத்தை ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டபோது ஷெரிஃபின் ஆட்கள் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள்.

1777 ஜூலையில் வின்ட்சர் என்ற ஊரில், அதுவும் ஒரு சத்திரத்தில், அரசியலமைப்பை நிறைவேற்றினார்கள். பிறகு சொந்த நாணயம் அடித்தார்கள், சொந்தத் தபால் நடத்தினார்கள். ஆங்கிலேயருக்கு எதிரான அமெரிக்கச் சுதந்திரப் போர் நடக்கும்போதே, கனடாவில் இருந்த ஆங்கிலேயரோடு தனியாகப் பேச்சுவார்த்தைகூட நடத்தினார்கள். அது துரோகமா, தந்திரமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. இரண்டு பக்கமும் பேரம் பேசித் தங்கள் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். கடைசியில் நியூயார்க்குக்கு 30,000 டாலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்து, 1791 மார்ச் 4 அன்று பதினான்காவது மாநிலமாகச் சேர்ந்தார்கள்.

அடிமை முறையை முதல்ல ஒழிச்சது வெர்மான்ட்தானே?

அரசியலமைப்பில் எழுதி வைத்தது என்ற வகையில் ஆமாம். அமெரிக்காவில் அதற்கு முன்னுதாரணம் கிடையாது. ஆனால் அந்த 1777 வாசகத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். 21 வயது தாண்டிய ஆணையும் 18 வயது தாண்டிய பெண்ணையும் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. மீறினால் யார் தண்டிப்பது என்பதும் இல்லை.

அதே வின்ட்சரில் டைனா என்ற கறுப்பினப் பெண் இருந்தார். ஸ்டீபன் ஜேக்கப் என்பவர் 1783இல் அவரை விலை கொடுத்து வாங்கினார். அந்த ஜேக்கப் பின்னால் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியும் ஆனார். டைனாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஊர்ப்பணத்தில் பராமரிக்க வேண்டி வந்தது. செலவைக் கொடுங்கள் என்று ஊர் ஜேக்கப்மேல் வழக்குப் போட்டது. 1802இல் தீர்ப்பு: வெர்மான்ட்டில் ஒரு மனிதரை விற்ற பத்திரம் செல்லாது, செல்லாத பத்திரத்தை வைத்து ஜேக்கப்பிடம் பணம் கேட்க முடியாது. சட்டப்படி டைனா எப்போதும் சுதந்திரமானவர் என்றாகிவிட்டது. அவர் உழைப்பை எடுத்துக்கொண்டவர் ஒரு காசும் தராமல் போய்விட்டார். பெருமையோடு வின்ட்சரைக் காட்டும்போது இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வயது வரம்போடு இருந்த அந்தப் பழைய வாசகத்தை 2022இல்தான் வாக்களித்து நீக்கி, எந்த வடிவிலும் அடிமைத்தனம் கூடாது என்று எழுதினார்கள்.

பென்னிங்டன் போர் பென்னிங்டன்லயே நடக்கலையாமே?

நடக்கவில்லை. 1777 ஆகஸ்ட் 16 அன்று சண்டை நடந்த இடம் சில மைல் மேற்கே, நியூயார்க் மாநிலத்துக்குள் இருக்கிறது. ஆங்கிலேயத் தளபதி பர்கோயினின் படைக்குச் சாப்பாடும் குதிரையும் தட்டுப்பாடு. பென்னிங்டனில் ஒரு சேமிப்புக் கிடங்கு இருந்தது. அதைப் பிடிக்க ஜெர்மானியக் கூலிப்படையை அனுப்பினார். ஜான் ஸ்டார்க் தலைமையில் நியூ ஹாம்ப்ஷையர், வெர்மான்ட் ஆட்கள் வழியிலேயே மடக்கினார்கள். 306 அடி உயரக் கல்தூண் நிற்பது கிடங்கு இருந்த இடத்தில். ஆகஸ்ட் 16 இன்றும் வெர்மான்ட்டில் அரசு விடுமுறை.

காட்டுக்குள்ள கல்சுவர் ஓடுதே, யாரு கட்டினது?

இலை பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. நீங்கள் பார்க்கும் காடு பழைய காடு இல்லை. 1840 வாக்கில் இந்த மலைச்சரிவுகளில் பெரும்பகுதி மொட்டையாக இருந்தது. காரணம் ஆடு. வில்லியம் ஜார்விஸ் என்பவர் லிஸ்பனில் அமெரிக்கத் துணைத்தூதராக இருந்தவர். ஸ்பெயினின் மெரினோ செம்மறியாடுகளைக் கொண்டுவந்து 1811இல் வெதர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் பண்ணை போட்டார். கம்பளிக்கு நல்ல விலை. ஊரெல்லாம் காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கியது. 1840இல் மக்கள் மூன்று லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு; செம்மறிகள் பதினாறு லட்சத்துக்கும் மேல். நிலத்தைக் கிளறினால் கல். அந்தக் கல்லையே அடுக்கி வேலி வைத்தார்கள்.

அப்புறம் இறக்குமதி வரி குறைந்தது, மேற்கே புது நிலமும் ரயிலும் வந்தன. அங்கே வளர்த்த கம்பளியின் விலைக்கு இவர்களால் விற்க முடியவில்லை. ஆட்டை விட்டுப் பால்மாட்டுக்கு மாறியவர்கள் தாக்குப்பிடித்தார்கள், மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். 1850இல் 3,14,000 பேர், நூறு வருஷம் கழித்து 3,78,000 பேர்தான் என்றால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று பாருங்கள். கைவிட்ட நிலத்தில் மரம் தானாக வந்தது. இன்று மாநிலத்தில் நாலில் மூன்று பங்கு காடு.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏறினால் அப்படி ஒரு சுவர் இருக்கிறது. இடுப்பு உயரம், பாசி பிடித்தது. ஒரு மேப்பிள் மரம் சுவரைத் தள்ளிக்கொண்டு நடுவில் வளர்ந்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி, கல் பாவிய ஒரு குழி, வீட்டின் அடித்தளம். வீடு இல்லை. ஆனால் வாசற்படி இருந்த இடத்தில் மே மாதக் கடைசியில் லைலாக் செடி பூக்கிறது. யாரோ ஒரு வீட்டுக்காரி நட்டது, நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும்.

டவுன் மீட்டிங்னா என்ன? நாம போய் உட்காரலாமா?

மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்மக்கள் கூடி, அடுத்த வருஷத்துக்கான ஊரின் வரவுசெலவைத் தாங்களே முடிவு செய்யும் கூட்டம். அன்று மாநில விடுமுறை. வாக்காளர் யாராக இருந்தாலும் எழுந்து பேசலாம், திருத்தம் கொண்டுவரலாம். அன்றாட நிர்வாகத்தைக் கவனிக்கச் செலக்ட்போர்டு என்று மூன்று அல்லது ஐந்து பேர் இருப்பார்கள். அவர்களும் அன்று கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் முதல்முறை போனது பள்ளிக்கூட ஜிம்மில் நடந்த கூட்டம். மடக்கு நாற்காலிகள், தரையெல்லாம் பூட்ஸில் வந்த பனித்தண்ணீர், பின்னால் ஒருவர் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். எல்லார் கையிலும் ஊரின் ஆண்டறிக்கைப் புத்தகம். பனி தள்ளும் லாரி பழசாகிவிட்டது, புதிது வாங்கலாமா என்பது விவாதம். ஒரு பெரியவர் எழுந்து இன்ன பக்கத்தில் இன்ன வரியைப் பாருங்கள், பழுதுக்கு மூன்று வருஷமாக இவ்வளவு போயிருக்கிறது என்றார். முக்கால் மணி நேரம் அந்த ஒரு லாரிக்கு. பிறகு கூட்டத்தை நடத்தும் மாடரேட்டர் ஆதரிப்பவர்கள் குரல் கொடுங்கள் என்றார், எதிர்ப்பவர்கள் குரல் கொடுங்கள் என்றார், லாரி வாங்குவதாக முடிந்தது. மத்தியானம் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஓட்டு இல்லாதவர்களும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். முன்கூட்டி ஊரின் பதிவேடுகளைக் கவனிக்கும் டவுன் கிளார்க்கிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. பல ஊர்கள் பெட்டியில் ஓட்டுப் போடும் முறைக்கு மாறிவிட்டன. கோவிடுக்குப் பிறகு இன்னும் அதிகம். வேலைக்குப் போகிறவர்களும் குழந்தை வைத்திருப்பவர்களும் வர முடிகிறது என்பது நியாயமான காரணம்தான். இருந்தாலும் அந்த லாரி விவாதம் பெட்டிக்குள் நடக்காது என்பது என் வருத்தம்.

இந்தக் கூட்டத்துல பெரிய விஷயம் எதுவும் முடிவானது உண்டா?

உண்டு. 1930களின் பொருளாதார நெருக்கடியில், பச்சை மலை முகட்டை ஒட்டி மாநிலத்தின் முழு நீளத்துக்கும் ஒரு சாலை போட்டுத் தருகிறோம் என்றது மத்திய அரசு. வேலையில்லாத காலத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள திட்டம். 1936 மார்ச்சில் ஊர் ஊராக ஓட்டெடுத்தார்கள். எதிர்த்தவர்கள் 40,000க்கு மேல், ஆதரித்தவர்கள் 31,000 அளவில். சாலை வரவில்லை. முகட்டில் இன்றும் நடைபாதை மட்டும்தான்.

ஊருக்கு ஒரு எம்.எல்.ஏ. இருந்தாராமே, சின்ன ஊருக்குமா?

சின்ன ஊருக்கும்தான். 1965 வரை ஒவ்வொரு டவுனுக்கும் ஒரு உறுப்பினர். சட்டமன்றக் கீழவையில் 246 பேர். 35,000 பேர் இருந்த பர்லிங்டனுக்கும் ஒரு ஓட்டு, சில டஜன் பேர் மட்டுமே இருந்த மலையூருக்கும் ஒரு ஓட்டு. மக்கள்தொகைக்கு ஏற்பவே தொகுதி இருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964இல் சொன்ன பிறகு 150 உறுப்பினர்களாக மாற்றினார்கள். மாற்றியது சரி என்றே நினைக்கிறேன். டவுன் என்ற சதுரம் இங்கே எவ்வளவு காலம் அரசியலின் அடிக்கல்லாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பேரியில சுடுகாட்டைப் போய்ப் பாருங்கன்னு சொல்றாங்களே, அங்கே என்ன இருக்கு?

கல்லறைத் தோட்டம். ஹோப் செமட்டரி என்று பெயர், 1895இல் தொடங்கியது. பேரி ஊரின் மலையில் கிடைக்கும் சாம்பல்நிறக் கிரானைட்டில் செய்த கற்கள்தான் அங்கே எல்லாம். அந்தக் கற்களைச் செதுக்கியவர்கள் பலரும் அங்கேயே புதைந்திருக்கிறார்கள்.

1880இல் பேரியில் 2,000 பேர் இருந்தார்கள். மலைக்கு ரயில்பாதை வந்ததும் ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்தும், இத்தாலியின் கராராவிலிருந்தும் மற்ற வடக்கு ஊர்களிலிருந்தும் கல்தச்சர்கள் வந்து இறங்கினார்கள். இருபதே வருஷத்தில் 10,000 தாண்டியது. கையோடு தங்கள் அரசியலையும் கொண்டுவந்தார்கள். 1900இல் சொந்த உழைப்பில் தொழிலாளர் மன்றம் கட்டினார்கள். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. 1912இல் மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரில் நெசவாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பட்டினி கிடந்த அவர்களின் பிள்ளைகள் 35 பேரை ரயிலில் வரவழைத்துத் தங்கள் வீடுகளில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

ஹோப்பில் நீங்கள் தேட வேண்டியது எலியா கோர்ட்டியின் கல்லறை. பெயர்பெற்ற சிற்பி. 1903 அக்டோபரில் அந்த மன்றத்தில் சோஷலிஸ்டுகளுக்கும், அரசே வேண்டாம் என்ற அனார்க்கிஸ்டுகளுக்கும் நடந்த தகராறில் குண்டடிபட்டு இறந்தார். அவர் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து யோசிப்பது போல ஆள் உயரத்தில் ஒரே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கியது அவருடைய சகோதரரும் மைத்துனரும். கோட்டின் பித்தானைப் பாருங்கள், கால்சட்டையின் மடிப்பைப் பாருங்கள். காலடியில் மூலைமட்டம், அளவுக் கவராயம், சுத்தி. கிரானைட்டில் துணியின் தொய்வைக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று கல் தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பக்கத்தில் உள்ள கற்களில் வயதைப் பார்த்துக்கொண்டே நடங்கள். நாற்பது, நாற்பத்தைந்து என்றே வரும். காற்றழுத்தக் கருவிகள் வந்தபின் மூடிய கொட்டகைகளில் கல்தூள் நிறைந்தது; அதைச் சுவாசித்து நுரையீரல் கல்லாகும் சிலிகோசிஸ் நோயில் ஒரு தலைமுறையே போனது. தூசியை உறிஞ்சும் இயந்திரங்கள் 1930களின் கடைசியில்தான் கொட்டகைகளுக்கு வந்தன.

மூடின பாலத்துக்கு எதுக்குக் கூரை? பனி விழாமல் இருக்கவா?

பனிக்காக இல்லை. கீழே உள்ள மரச்சட்டங்கள் நனைந்து உளுத்துப் போகாமல் இருக்க. கூரை போனால் மாற்றிவிடலாம். சட்டம் போனால் பாலமே போச்சு. பனியைப் பொறுத்தவரை நேர் எதிர்: குதிரைச் சறுக்குவண்டி போவதற்காகக் குளிர்காலத்தில் பாலத்துக்குள் பனியை அள்ளிப் போடுவார்கள்.

வின்ட்சரிலிருந்து ஆற்றைக் கடக்கும் 1866ஆம் வருஷப் பாலத்தில் ஒரு விசேஷம். ஏறின உடனேயே ஏறக்குறைய நீங்கள் நியூ ஹாம்ப்ஷையரில் இருக்கிறீர்கள். முன்பு சொன்ன 1764 அரசாணை ஆற்றின் மேற்குக் கரையை எல்லையாக்கியதால் ஆறு அவர்களுடையது. 1933இல் உச்ச நீதிமன்றமும் எல்லை மேற்குக் கரையின் தாழ்நீர்க் கோட்டில் என்று உறுதி செய்தது.

இவ்வளவு வெள்ளம் வந்தும் ஊரையெல்லாம் ஏன் ஆத்தோரத்துலயே வச்சிருக்காங்க?

ஆரம்பத்தில் ஊர்கள் பல மேட்டில்தான் இருந்தன. பிறகு மாவு ஆலை, மரம் அறுக்கும் ஆலை, கம்பளி ஆலை எல்லாம் தண்ணீர் விசையில் ஓடியதால் கடைத்தெரு ஆற்றுக்கு இறங்கி வந்தது. ரயிலும் பள்ளத்தாக்கிலேயே வந்தது. மலை குறுகலாக இருப்பதால் வேறு தட்டையான இடமும் கிடையாது.

1927 நவம்பர் வெள்ளத்தில் 84 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் மாநிலத் துணை ஆளுநரும் ஒருவர். 1,285 பாலங்கள் போயின. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல். 2023 ஜூலை 10, 11 தேதிகளில் மான்ட்பீலியரின் கடைத்தெரு முழுக்கத் தண்ணீர். சரியாக ஒரு வருஷம் கழித்து 2024இல் அதே தேதிகளில் பேரி உட்பட பல ஊர்களில் மறுபடி. 2023இல் நாங்கள் சேறு அள்ளப் போனோம். ஒரு புத்தகக் கடையிலிருந்து ஊறிப்போன புத்தகங்களைக் கூடை கூடையாக வெளியே கொட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆற்றோர வீடுகளை அரசுப் பணத்தில் வாங்கி இடித்து, அந்த இடத்தை வெள்ளத்துக்கே விடுவது இப்போது பல ஊர்களில் நடக்கிறது. சின்ன ஊரில் இருபது வீடு போனால் வரியும் போகிறது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளும் போகிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு ஊரும் இவ்வளவு தயங்குகிறது.

ஒரு ஜனாதிபதி மண்ணெண்ணெய் விளக்குல பதவி ஏத்தாராமே?

கால்வின் கூலிட்ஜ், பிளிமத் நாட்ச் என்ற குக்கிராமத்தில். துணை ஜனாதிபதியாக இருந்தவர், அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். ஜனாதிபதி ஹார்டிங் இறந்த செய்தி நள்ளிரவில் வந்தது. வீட்டில் மின்சாரம் இல்லை. அப்பா நோட்டரி, அவரே 1923 ஆகஸ்ட் 3 அதிகாலை 2:47க்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். அந்த அறையையும் மேஜையையும் இன்றும் பார்க்கலாம். கூலிட்ஜின் கல்லறை அதே ஊரில், மற்றவர்களுடையதைப் போலவே எளிய கல். மின்சாரம் என்றதும் ஒன்று: வடகிழக்கு மூலையில் உள்ள கிரான்பி, விக்டரி என்ற இரண்டு ஊர்களுக்கு மின்சாரம் வந்தது 1963இல்தான்.

கிப்லிங் மௌக்லி கதையை இங்கே எழுதினாராம், நம்பவே முடியல?

ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்லிங் 'ஜங்கிள் புக்' எழுதியது இங்கேதான். அவர் மனைவியின் குடும்பம் பிராட்டில்பரோ ஊரில் இருந்தது. 1892 முதல் 1896 வரை பக்கத்து டம்மர்ஸ்டனில் வீடு கட்டி இருந்தார். வீட்டுக்குப் பெயர் நௌலக்கா. இந்தியக் காட்டின் புலியையும் கரடியையும் ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய மலையைப் பார்த்துக்கொண்டு எழுதினார். மைத்துனரோடு சண்டை நீதிமன்றம் வரை போனதும் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

ஒரு நூலகம் பாதி கனடாவுல இருக்காமே?

டெர்பி லைன் ஊரின் ஹாஸ்கல் நூலகம். 1904இல் திறந்தது, வேண்டுமென்றே எல்லைமேல் கட்டினார்கள், இரண்டு பக்கத்து மக்களும் வரட்டும் என்று. தரையில் கறுப்புக் கோடு ஓடுகிறது. மாடியில் நாடக அரங்கு: மேடை கனடாவில், இருக்கைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில். நூறு வருஷத்துக்கு மேல் கனடாக்காரர்கள் நடைபாதையில் நடந்து வந்து அமெரிக்கப் பக்க வாசலில் நுழைந்தார்கள். 2025இல் அமெரிக்க அரசு அதற்குக் கட்டுப்பாடு போட்டது. இப்போது அவர்களுக்குக் கனடாப் பக்கம் தனி வாசல். அந்தச் செய்தி எனக்கு மிகுந்த வேதனை தந்தது.

எல்லாம் நல்லதாவே சொல்றீங்க, கெட்டதே நடக்கலையா?

நடந்தது. டைனாவைப் பற்றிச் சொன்னேன். இன்னொன்று: 1925இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் ஹென்றி பெர்கின்ஸ் 'நல்ல பிறப்பு' (யூஜெனிக்ஸ்) ஆய்வு என்று தொடங்கினார். ஏழைகள், ஊனமுற்றவர்கள், பிரெஞ்சுக் கனடியர்கள், அபெனாக்கி குடும்பங்கள் எனப் பலரை வம்சாவளி வரைந்து 'குறைபட்டவர்கள்' என்று முத்திரை குத்தினார்கள். 1931இல் இவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யும் சட்டம் வந்தது. சம்மதத்தோடு என்று சட்டத்தில் எழுதியிருந்தாலும், காப்பகத்தில் அடைபட்டவரின் சம்மதம் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். 2021இல் சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டது.

2011, 2012இல் மாநிலம் நான்கு அபெனாக்கிக் குழுக்களை அங்கீகரித்தது. கியூபெக்கில் ஓடனாக் என்ற இடத்தில் வாழும் அபெனாக்கிகள் அந்தக் குழுக்களின் வம்ச உரிமையை ஏற்கவில்லை. இது இன்னும் ஆறாத சர்ச்சை.

ரோட்டோரத்துல ஒரு விளம்பரப் பலகைகூட இல்லையே?

1968இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். 1970இல் பெரிய கட்டுமானங்களை ஆராய்ந்து அனுமதிக்கும் சட்டமும் வந்தது. அதனால் அழகு நின்றது. வீடு கட்டுவது கடினமாகி விலை ஏறியதற்கும் அதுவே ஒரு காரணம் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள்.

ஊர்ப் பேரையெல்லாம் எப்படிச் சொல்றது?

கேட்டுச் சொல்வதே மரியாதை. பேரி என்பதை எழுத்தைப் பார்த்துப் 'பார்' என்பார்கள், தவறு. பிரெஞ்சு நகரம் கலேயின் எழுத்துதான், ஆனால் இங்கே அந்த ஊர் காலஸ். ஷார்லட் என்று நாம் சொல்வதை இங்கே ஷார்லாட் என்று இரண்டாம் அசையை அழுத்துவார்கள். பெர்லினில் முதல் அசையை அழுத்த வேண்டும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு. எங்கே போகலாம்?

காலையில் வின்ட்சர்: அரசியலமைப்பு எழுதிய சத்திரம், ஆற்றுப்பாலம். அங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் பேரி. ஹோப்பில் நிதானமாக நடங்கள். மான்ட்பீலியர் அதற்குப் பக்கத்திலேயே. நேரம் மிஞ்சினால், வழியில் ஏதாவது ஒரு டவுன் கிளார்க் அலுவலகத்தில் நுழையுங்கள். இங்கே நிலப் பத்திரம் மாவட்டத்தில் பதிவதில்லை, ஊரிலேயே பதிகிறது. இரும்புக் கதவு போட்ட அறையில் பழைய பதிவேடுகள் வரிசையாக இருக்கும். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

ஏப்ரலில் மட்டும் வேண்டாம். மாநிலத்தின் சாலைகளில் பாதிக்கு மேல் மண் சாலை. பனி உருகும்போது சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும், இழுத்துவிட டிராக்டர்தான் வர வேண்டும்.